நீலத் தண்ணீரும் பன்னிரண்டு லிட்டரும்

அத்தியாயம் 4

மோகன்குமாரின் நாணயத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் பெட்ரோல் என்று விலை போட்டிருந்தார் தங்கசாமி. பதினோரு வருடமாக முட்டை வேன் ஓட்டுகிறவன். நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் போகும் ரோட்டில் எந்தப் பள்ளம் எந்த மாதம் திறக்கும் என்று தெரிந்தவன். அவனுக்கு இந்த விலை குறைவுதான். ஆனால் தங்கசாமி எதற்குமே சொன்ன விலை கொடுத்துப் பழகியவர் இல்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த வேல்முருகனின் ஒர்க்‌ஷாப்பில் அந்த வேன் வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தது. அதற்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மைதிலி. பத்து வருடம் லாரி இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, ஊரிலுள்ள பொய்களையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, சூரமங்கலத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்துத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். பக்கத்தில் அவளுடைய உதவியாளன் ஜீவா. செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிக்குள் வளர்ந்தவன். அந்தக் குடும்பத்தில் எடை போடாமல் வெளியே போகிற ஒரே சரக்கு இவன் பேச்சு.

தங்கசாமி வழக்கைச் சுருக்கமாகச் சொன்னார். அவர் பண்ணையில் இரண்டு பெட்ரோல் வேன்கள். ஒரே கம்பெனி, ஒரே வயது. டிரைவர்களை பங்க்கில் தனியாக விடுவதில்லை என்பது அவர் கொள்கை. தெரிந்த பங்க்கிலிருந்து தானே இரும்பு பேரலில் பெட்ரோல் கொண்டு வந்து, பூட்டி வைத்து, சாயங்காலம் வேனுக்கு ஒரு கேன் வீதம் இருபது லிட்டர் அளந்து முட்டை ரூமில் வைப்பார். காலையில் டிரைவர் கையெழுத்துப் போட்டுக் கேனை எடுத்து, அவர் கண் முன்னாலேயே டேங்க்கில் ஊற்ற வேண்டும். அப்படி மோகன்குமாருக்கு இரண்டு வாரத்தில் நாலு கேன், எண்பது லிட்டர் கொடுத்தார். லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் என்றால் ஆயிரத்து நாற்பது ஓடியிருக்க வேண்டும். மீட்டர் காட்டியது எண்ணூற்று எண்பத்து நாலு. இடைவெளி நூற்று ஐம்பத்தாறு கிலோமீட்டர். அதாவது பன்னிரண்டு லிட்டர்.

இதுவரை சந்தேகம்தான். புதன்கிழமை அது குற்றமாகிவிட்டது. வேன் நடுரோட்டில் இருமி நின்றது. வேல்முருகன் டேங்க்கைக் கழற்றினால் அடியில் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர்.

“பெட்ரோலை வழியில இறக்கி வித்துப்போட்டு, அளவு தெரியாம இருக்கத் தண்ணிய ஊத்தியிருக்கறானுங்க அம்மணி. வேறென்ன?” என்றார் தங்கசாமி.

மோகன்குமார் வேனின் மறுபக்கத்தில் நின்றிருந்தான். முதலாளி பேசும்போது நடுவில் பேசிப் பழகாதவன். கையிலிருந்த துணியால் சுத்தமாக இருந்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு முட்டை வியாபாரிகள் சங்கக் கூட்டம். அங்கே ஒரு டிரைவரின் பெயர் வாசிக்கப்பட்டால் அப்புறம் நாமக்கல் வட்டாரத்தில் எந்தப் பண்ணையிலும் அவன் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பெயர் வாசிக்குமுன் வெளியாள் ஒருவர் விசாரித்து எழுதிய அறிக்கை வேண்டும் என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. அந்த வெளியாள்தான் மைதிலி. தங்கசாமியைப் பொறுத்தவரை அவள் வந்தது கையெழுத்துப் போட மட்டும்.

“ஆறு மணி நேரம் இருக்கு மேடம்,” என்றான் ஜீவா. “கையெழுத்துக்கு அரை நிமிஷம். மீதி நேரத்துக்கு என்ன பண்றது?”

“விசாரிப்போம். சும்மா உக்காந்திருக்கிறதுக்கு அது மேல்.”

புதன்கிழமை டேங்க்கிலிருந்து இறக்கியதை ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலில் பிடித்து, மூடிமேல் டேப் சுற்றி, டேப்மேல் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார் தங்கசாமி. மைதிலி பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கினாள். மேலே முக்கால்வாசி பெட்ரோல், காய்ச்சிய நெய் நிறத்தில். அடியில் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தாள். நூறு மில்லி கொள்ளும். லேப் கடையில் வாங்கியது.

முதலில் தங்கசாமியின் பேரலிலிருந்து அவள் கொண்டுவரச் சொல்லியிருந்த பெட்ரோல். குழாயில் எண்பது மில்லி வரை அதை ஊற்றினாள். மேலே இருபது மில்லி தண்ணீர். மூடி, குலுக்கி, பானெட்மேல் நிறுத்தினாள். எல்லோரும் எதற்கென்று தெரியாமலே குழாயைப் பார்த்தார்கள். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் அடியில் படிந்தது. ஆனால் இருபதாக ஊற்றிய தண்ணீர் முப்பத்தாறாக நின்றது. பெட்ரோல் அறுபத்து நாலாகச் சுருங்கியிருந்தது.

ஜீவா குனிந்து பார்த்தான். “தண்ணிக்கு வட்டி குட்டி போட்டிருக்கு மேடம்.”

மைதிலி விளக்கினாள். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். கரும்பிலும் உடைந்த அரிசியிலும் மக்காச்சோளத்திலும் காய்ச்சி எடுக்கிற ஆல்கஹால். அதற்குப் பெட்ரோலோடும் சிநேகம் உண்டு. ஆனால் தண்ணீரைக் கண்டால் பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு போய்விடும். எண்பதில் பதினாறு கட்சி மாறிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

மக்காச்சோளம் என்றதும் தங்கசாமிக்கு வேறு எரிச்சல் கிளம்பியது. என்ற கோழி திங்க வேண்டிய சோளத்தைக் காய்ச்சி என்ற வண்டிக்கே ஊத்தறாங்க, தீவனமும் ஏறிப்போச்சு, மைலேஜும் இறங்கிப்போச்சு என்று அவர் சங்கத்தில் பேசுகிற பேச்சை அங்கேயே ஆரம்பித்தார். அவரு ஊட்லயும் தெனம் இதே பாட்டுத்தானுங்க என்று வேல்முருகன் மைதிலியின் காதருகே சொன்னான்.

பாட்டு ஓய்ந்ததும் மைதிலி குழாயைக் கழுவி, சீல் வைத்த பாட்டிலைத் திறந்து, மேலே நின்ற பெட்ரோலை மட்டும் எண்பது அளந்தாள். மறுபடி இருபது தண்ணீர். மறுபடி குலுக்கல்.

இந்தத் தடவை தண்ணீர் இருபத்தொன்றில் நின்றுவிட்டது.

“இதுல ஆல்கஹால் இல்ல,” என்றாள்.

தங்கசாமிக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மலர்ந்தது. வேனைச் சுற்றிக்கொண்டு போய் மோகன்குமாரின் எதிரே நின்றார். “பெட்ரோலை உட்டுப்போட்டுச் சாராயத்த மட்டும் எடுத்திருக்கற. திருடன்னு தப்பாச் சொல்லிப்போட்டேன். குடிகாரன் நீ.”

“நான் காப்பி கூடக் குடிக்கறதில்லீங்க மொதலாளி.”

“அதான் சந்தேகமே.”

ஜீவா மைதிலியின் பக்கம் சாய்ந்து, நாம் வந்ததில் இந்த ஆளுக்கு ஒரு பட்டம் கூடியிருக்கிறது, இன்னும் அரைமணி இருந்தால் கொலையும் சேர்ந்துவிடும் என்றான். மைதிலி அவனை வேல்முருகனிடம் அனுப்பினாள், ஸ்கேனரைக் கொண்டு வரச் சொல்லி.

வேல்முருகனுக்கு ஸ்கேனர்மேல் தனி மரியாதை. கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பான். எந்த வண்டி வந்தாலும் டாஷ்போர்டுக்கு அடியில் செருகி, திரையில் வருவதைப் போட்டோ எடுத்து, வண்டி முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்பான். போட்டோ இருந்தால் பில்லைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்பது அவன் அனுபவம். அதனால் மோகன்குமார் வேனின் ஜாதகம் முழுக்கத் தங்கசாமியின் போனிலேயே இருந்தது.

முதல் போட்டோ போன மாதக் கடைசி, சர்வீஸுக்கு வந்தபோது. ட்ரிம் என்ற கட்டத்தில் கூட்டல் ஒன்பது. மிக்ஸ்சர் லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் புகார் சொல்கிறது. சென்சார் போய்விட்டது என்று முடிவு கட்டி வேல்முருகன் புதிது மாட்டினான். இரண்டாவது போட்டோ பத்து நாள் கழித்து, மைலேஜ் பிரச்சினை ஆரம்பித்தபோது. ட்ரிம் பூஜ்யம். புதுச் சென்சாரின் மகிமை என்று அதன்கீழே ஒரு கைகூப்பும் பொம்மையும் போட்டிருந்தான். மூன்றாவது நேற்று எடுத்தது. புதன்கிழமை டேங்க்கைத் துடைத்து, பங்க் பெட்ரோல் ஊற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தபின். மறுபடி கூட்டல் ஒன்பது.

“புதுச் சென்சாரும் போயிருச்சுங்க,” என்றான் வருத்தமாக. “கம்பெனிச் சரக்கே இப்பெல்லாம் இப்படித்தான்.”

“பழையது எங்க?”

பெஞ்சுக்கு அடியில் ஒரு பெயின்ட் டப்பாவில் கிடந்தது. மைதிலி அதை வெளியே எடுத்து ஜீவாவின் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு தங்கசாமியின் மற்ற வேன், அருணகிரி என்ற டிரைவர் ஓட்டுவது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது; அதிலும் ஸ்கேனரைப் போடச் சொன்னாள். அதில் ஒரு நாளும் கோளாறு வந்ததில்லை.

கூட்டல் ஒன்பது.

வேல்முருகன் ஸ்கேனரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தான். திரை மாறவில்லை.

“எத்தனால் தனக்குள்ள ஆக்சிஜனையும் கொண்டு வருது,” என்றாள் மைதிலி. “கட்டுச்சோறு கொண்டு வர விருந்தாளி மாதிரி. சென்சார் அதைப் பார்த்துக் காத்து அதிகம்னு சொல்லுது. கம்ப்யூட்டர் சரின்னு பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி ஊத்துது. அந்தக் கூட்டல்தான் ஒன்பது. இதுக்குப் பேரு நோய் இல்ல, பழக்கம். இப்ப எல்லா வண்டியிலயும் இருக்க வேண்டியது.”

“அப்ப எந்த வண்டிக்கு நோயி?” என்றான் வேல்முருகன்.

“பூஜ்யம் காட்டின அன்னிக்குத்தான். அன்னிக்கு டேங்க்குல எத்தனால் இல்ல.”

தங்கசாமியின் பையில் இரண்டு வேன்களுக்கும் ஒரே நாளில் எடுத்த புகைச் சான்று இருந்தது. அதையும் வாங்கிப் பார்த்தாள். இரண்டும் பாஸ். ஆனால் அருணகிரி வண்டியின் கார்பன் மோனாக்சைடு கணக்கைவிட மோகன்குமார் வண்டிக்கு இரண்டு மடங்கு. ஒரே வயசு வண்டி, உன்னோடது மட்டும் என்னத்துக்குப் புகையுது என்று அன்றைக்கே அதற்கும் மோகன்குமார் திட்டு வாங்கியிருக்கிறான். எத்தனால் கொண்டு வருகிற ஆக்சிஜனால் அந்த விஷவாயு குறையும். எத்தனால் கழன்று போனால் அந்தச் சலுகையும் போய்விடும். சான்றின் தேதி இரண்டாவது போட்டோவுக்கு முந்தின நாள்.

ஜீவா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, குழாய், ஸ்கேனர், புகைச் சீட்டு என்று மூன்று சாட்சி, மூன்றுக்கும் வாய் கிடையாது, அதனால்தான் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசவில்லை என்றான்.

“சரிங்க அம்மணி,” என்றார் தங்கசாமி. “டேங்க்குக்குள்ள தண்ணிய ஊத்திச் சாராயத்தப் பிரிச்சுட்டான். அதுக்கும் இவன்தானுங்களே காரணம்?”

மைதிலி அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்த மாதிரி எழுந்தாள்.

“டேங்க்குக்குள்ள பெட்ரோலைத் தண்ணி ஊத்திக் கழுவினா அழுக்குத் தண்ணி எங்க நிக்கும்?”

“அடியில.”

“பம்ப் எங்கிருந்து உறிஞ்சும்?”

தங்கசாமி வேல்முருகனைப் பார்த்தார். வேல்முருகன் சொன்னான்: அடியிலிருந்து. அப்படிக் கழுவியிருந்தால் வேன் பண்ணை கேட்டைத் தாண்டியிருக்காது. ஆனால் இரண்டு வாரம் சேலத்துக்குப் போய்ப் போய் வந்திருக்கிறது. கடைசிக் கேனில்தான், அதுவும் ஒரு டம்ளர் அளவுக்குத்தான், தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. அப்படியென்றால் கழுவல் நடந்தது டேங்க்குக்கு வெளியே. கேன் இவன் கைக்கு வருவதற்கு முன்னால்.

“பண்ணைக்குப் போவோம்,” என்றாள் மைதிலி. மணி ஒன்றேகால்.

பண்ணை அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். தங்கசாமியின் வீடு முன்னால், கோழிக் கொட்டகைகள் பின்னால், நடுவில் முட்டை ரூம். வீட்டில் ஆள் இல்லை. மனைவி சௌந்திரம் செவ்வாய்க்கிழமை காலையில் சூரமங்கலத்தில் கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கப் போனவர், இன்று மத்தியான பஸ்ஸில் வருகிறார். வந்துதான் சோறு என்று தங்கசாமி முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஜீவாவுக்கு இந்த வழக்கில் முதல்முறையாக உண்மையான வருத்தம் ஏற்பட்டது.

முட்டை ரூமில் இரண்டு இரும்புக் கேன்கள், வண்டி நம்பர் பெயின்ட் அடித்து. மைதிலி மோகன்குமாரின் கேனைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

“இந்த நாலு தடவையும் எடுக்கும்போது எப்படி இருந்துச்சு? நெறைஞ்சா?”

அவன் தங்கசாமியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“மோகன், உங்ககிட்டத்தான் கேக்கறேன்.”

“கொஞ்சம் எளப்பமா இருந்துச்சுங்க மேடம்,” என்றான் மெதுவாக. கேனின் கழுத்துக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். நாலு விரலுக்கு மேல் இருக்கும்.

“இருபதுன்னு கையெழுத்துப் போட்டீங்களே.”

“மொதலாளி அவரு கையால அளந்து வெச்சது. அதை நான் கொறையுதுன்னு சொன்னா அவரத் திருடன்னு சொன்ன மாதிரி ஆயிருமேங்க.”

திருடன் என்ற சொல்லை இவன் சொல்லக்கூடாது என்பதற்காக இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தான். அவர் அதை மூன்று நாளாக ஒர்க்‌ஷாப்பில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கசாமி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டார்.

“இருபது லிட்டர் சுத்தமா அளந்துதான் வெச்சேன்,” என்றார். குரலில் பாதி விலைதான் இருந்தது.

“வெச்சீங்க,” என்றாள் மைதிலி. “அதுலயும் சந்தேகமில்ல.”

அவள் சீல் உடைத்த பாட்டிலை மறுபடி வெளியே எடுத்தாள். அடியிலிருந்த தண்ணீரைத் தனியே ஒரு கண்ணாடி டம்ளரில் இறக்கி, முட்டை அடுக்கும் வெள்ளை அட்டைத் தட்டின்மேல் வைத்தாள். வெள்ளைமேல் வைத்ததும் எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் நீலமாக இருந்தது. துணிக்குப் போடும் நீலத்தை ஒரு சொட்டு கலந்த மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் நீலம்.

“ரோட்டோரப் பம்ப்புல நீலத் தண்ணி வருமா ஜீவா?”

“நம்ம ஏரியா குழாயில வர்றதே செவப்பு மேடம்.”

“இந்தப் பண்ணையில நீலம் எதுக்குப் போடுவாங்க?”

இதற்கு மட்டும் தங்கசாமி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கோழிக்குத் தடுப்பு மருந்து. குடிதண்ணீரில் கலந்து கொடுப்பது. எந்தக் கோழி குடித்தது, எது ஏமாற்றியது என்று தெரிவதற்காக நீல மாத்திரை ஒன்றையும் சேர்த்துக் கரைப்பார்கள். குடித்த கோழியின் நாக்கு நீலமாகிவிடும். நாமக்கல்லில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

மைதிலி தலையசைத்து, ஜீவாவிடம் ஒரு கோழியைச் சோதித்துவிட்டு வரச் சொன்னாள். இது வழக்குக்கு அவசியமே இல்லாத வேலை. ஆனால் அவன் காலையிலிருந்து அதிகம் பேசியிருந்தான். அவன் கொட்டகைக்குள் போய், ஒரு வெள்ளைக் கோழியைக் கெஞ்சி, வாயைத் திறக்கவைத்து, சட்டை முழுவதும் இறகோடு திரும்பி வந்தான். நாக்கு நீலம்தான், ஆனால் சாட்சி விரலைக் கடித்துவிட்டது, குறுக்கு விசாரணைக்கு நான் வரமாட்டேன் என்றான்.

மருந்து கலக்கும் டிரம் முட்டை ரூமுக்குப் பின்பக்கம், சின்னக் கம்பிக் கூண்டுக்குள் பூட்டியிருந்தது. வெள்ளை பிளாஸ்டிக். ஐம்பது லிட்டர் கொள்ளும், அடியில் குழாய். தங்கசாமி இடுப்பிலிருந்த சாவியால் திறந்தார். உட்சுவரில் பழைய நீலம் படிந்திருந்தது. ஜீவா குனிந்து முகர்ந்துவிட்டு நிமிர்ந்தான்.

“பெட்ரோல் வாசம்.”

குழாய்க்கு நேர்கீழே, சுற்றிலும் பச்சையாக இருந்த அருகம்புல் ஒரு முறத்தளவுக்கு மட்டும் வெந்து பழுப்பாகிக் கிடந்தது.

“தண்ணியும் பெட்ரோலும் ஊத்திக் கலக்கி, தெளிய வெச்சு, அடிக்குழாயத் தெறந்து உட்டிருக்காங்க,” என்றாள் மைதிலி. “மேல நிக்கிறது மறுபடி கேனுக்கு. இருபது போட்டா பதினாறு வரும். நாலு இந்தப் புல்லுக்கு. நாலு கேனுக்குப் பதினாறு லிட்டர். கேன் ராத்திரி முழுக்க முட்டை ரூம்ல, ரூமும் கூண்டும் பூட்டுல. சாவி எத்தனை?”

“ரெண்டு.”

“ஒண்ணு?”

தங்கசாமி இடுப்பைத் தொட்டார்.

ஜீவா நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தான். “தங்கசாமி. த, ங், க... முழுப் பேரே போட்டுக்கட்டுங்களா?”

“தம்பி, நானே பெட்ரோல் வாங்கி நானே கொட்டறதுக்கு எனக்கென்ன கிறுக்கா?” என்றார் அவர். பிறகுதான் அடுத்த கேள்வி என்ன என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கேட்கப்படுவதற்கு முன்பே முகம் மாறியது.

வாசலில் ஆட்டோ நின்றது. சௌந்திரம் இறங்கினார். ஒரு கையில் மாம்பழக் கூடை, இன்னொரு கையில் மகள் கொடுத்தனுப்பிய தூக்குப் பாத்திரம். பின்கட்டில் இத்தனை ஆட்களைக் கண்டதும் நேராக அங்கேயே வந்தார். முந்தானை முடிச்சில் இரண்டாவது சாவி தொங்கியது.

திறந்து கிடந்த கூண்டையும், வெந்த புல்லையும், வெள்ளைத் தட்டின்மேல் நீல டம்ளரையும் பார்த்தார். கூடையை இறக்கி வைத்தார்.

“கண்டுபிடிச்சுப்போட்டீங்களாக்கும்,” என்றார் கணவரைப் பார்த்து, கொஞ்சம் பெருமையாகவே. “போனுல ஒருத்தன் செஞ்சு காட்டினான். தண்ணி ஊத்திக் கலக்கினாச் சாராயம் பூராக் கீழ எறங்கிருது. அருமையாட்ட மேல பெட்ரோல் மட்டும் நிக்குது.”

“எதுக்கு?” என்றார் தங்கசாமி.

“தெனம் ராத்திரி சோத்துல கைய வெச்சுட்டு நீங்க பாடற பாட்டு எதைப் பத்தி? சாராயத்தக் கலந்துட்டான், மைலேஜு போச்சுன்னு. காத்தால அதே வாயோட இந்தப் பையனப் புடிச்சு வெரட்டறது. கேக்கச் சகிக்கலீங். அவன் வண்டிக்கு மட்டும் நாலு கேன் கழுவிக் குடுத்தேன். நம்பரு ஏறுச்சுன்னா நீங்க வாய மூடுவீங்க, அவன் நிம்மதியாச் சோறு திம்பான்னுதான்.”

மோகன்குமார் கையிலிருந்த துணியை மடித்தான். மறுபடி பிரித்தான்.

கேனில் குறைந்ததே, அது தெரியவில்லையா என்று மைதிலி கேட்டாள். அரிசி களைந்தால் கழுநீர் போகத்தானே செய்யும், அழுக்குப் போனதற்கு யாராவது கணக்குப் பார்ப்பார்களா என்றார் சௌந்திரம். கடைசிக் கேனில் தண்ணீர் நின்றுவிட்டதைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது; தெளிய விடாமல் அவசரத்தில் ஊற்றி வைத்தது.

அப்போதுதான் புதன்கிழமையிலிருந்து நடந்ததெல்லாம் அவருக்குச் சொல்லப்பட்டது. நின்றுபோன வேன், சீல் வைத்த பாட்டில், ஐந்து மணிக் கூட்டம், வாசிக்கப்பட இருந்த பெயர். ஜீவாதான் சொன்னான், ஒரு ஜோக்கும் அடிக்காமல் சொன்னான். சௌந்திரம் கேட்டு முடித்துவிட்டுக் கணவரிடம் போகவில்லை. மோகன்குமாரிடம் போனார்.

“சாமி, கொறைச்சலா இருக்குதுன்னு எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“உங்க ஊட்டு அளவுங்க,” என்றான்.

தங்கசாமி வியாபாரி. விழுந்த இடத்திலும் எதையாவது பொறுக்கிக்கொண்டுதான் எழுவார். கொஞ்ச நேரம் காற்றில் விரலால் கணக்குப் போட்டார். பிறகு கண்ணில் ஒரு பழைய வெளிச்சம் வந்தது. “அம்மணி, ஒண்ணு இடிக்குது. கேனுல கொறைஞ்சது பதினாறு. ஆனா என்ற கிலோமீட்டர் கணக்குல துண்டு விழுந்தது பன்னெண்டுதான். நாலு லிட்டர் எங்கிருந்து வந்துச்சு? அப்ப கழுவின பெட்ரோல் நெசமாவே கூட ஓடியிருக்குது.”

“ஓடியிருக்கு,” என்றாள் மைதிலி. “எத்தனாலுக்குச் சக்தி கொஞ்சம் கம்மி. அதை எடுத்துட்டா லிட்டருக்குக் கொஞ்சம் கூட ஓடும். நாலு லிட்டர் லாபம் பாக்கப் பதினாறு லிட்டரைப் புல்லுல ஊத்தணும். தோது பட்டாச் செய்யுங்க. நடுவுல தண்ணி தங்கினா இன்ஜின் வேலைய வேல்முருகன் பாத்துக்குவார், போட்டோ அனுப்பி.”

வெளிச்சம் அணைந்தது.

மணி மூன்றரை. தங்கசாமி போனை எடுத்துச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். புதன்கிழமை இரவே அங்கே மோகன்குமார் பெயரையும் பன்னிரண்டு லிட்டரையும் போட்டுவிட்டிருந்தார் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. விசாரணைக்கு முன்னாலேயே விற்பனை ஆகிவிட்ட சரக்கு. இப்போது அதைத் திரும்பப் பெற வேண்டும்.

பேரம் தொடங்கியது. மேற்படி விஷயம் பேசித் தீர்க்கப்பட்டது என்று போட்டால் போதாதா என்றார். போதாது என்றாள் மைதிலி. தொழில்நுட்பக் கோளாறு என்று போடட்டுமா. கோளாறு எந்த எந்திரத்திலும் இல்லை என்று ஸ்கேனரே சொல்லிவிட்டது. டிரைவர்மீது தவறில்லை என்று மட்டும். அப்படியானால் யார் மீது என்று குழுவிலுள்ள நூற்றுப் பதினேழு பேரும் கேட்பார்கள்.

“என்ற பேரப் போடுங்க,” என்றார் சௌந்திரம் மாம்பழத்தை அறுத்துக்கொண்டே. “கழுவினது நான். திருடன்னு சொன்னது நீங்க. ரெண்டையும் சேத்தே போடுங்க.”

தங்கசாமியின் கட்டைவிரல் திரைமேல் நின்றது. சங்கத்தில் முப்பது வருடம் அவர் சொன்ன விலைக்கு யாரும் மறுவிலை சொன்னதில்லை. மோகன்குமார் அந்த விரலைப் பார்க்காமல், இனிமேல் கேனை ரெண்டு பேரும் சேர்ந்து நின்று அளந்தால் தேவலைங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, மாம்பழத் துண்டை வாங்கிக்கொண்டு வேன் பக்கம் போனான். அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை. தங்கசாமிக்கு அதுதான் தாங்க முடியாத விலையாக இருந்தது.

ஜீவாவின் சட்டைப் பையிலிருந்த பழைய சென்சாரை மைதிலி கேட்டு வாங்கி, தாள் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்தாள். சங்கத்துக்கான அறிக்கையை எழுதினாள். ஒரு பக்கம்கூட வரவில்லை.

கையெழுத்துப்படி கொடுத்த பெட்ரோல்: 80 லிட்டர்.
கேனில் மிஞ்சியது: 64 லிட்டர்.
புல் குடித்தது: 16 லிட்டர்.
கழுவியதால் கூடுதலாக ஓடிய வகையில் வரவு: 4 லிட்டர்.
கிலோமீட்டர் கணக்கில் துண்டு: 12 லிட்டர்.
மோகன்குமார் எடுத்தது: இல்லை.
உண்மை சொன்னதற்காகக் கழற்றி எறியப்பட்ட சென்சார்: 1.
தங்கசாமி தர வேண்டியது: மன்னிப்பு, 1. மாலை 4.40 வரை வந்து சேரவில்லை. பாக்கி.